தேர் ஏன் நிற்கிறது?

சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, மதுரைக் கீழமாசி வீதித் தேரடியில் இரண்டு தேர்கள் புறப்படக் காத்திருக்கும். பெரிய தேரில் சுவாமியும் பிரியாவிடையும், சிறிய தேரில் மீனாட்சி. வடத்தைப் பிடித்த கைகள் இறுகி, ஒரே குரலில் கூட்டம் இழுக்கும். முதல் இழுப்பிலேயே தேர் அசைந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்தச் சில நொடிகளில் அத்தனை கைகளின் பலமும் வடத்தில் ஏறியிருந்தும், நேற்றிரவு நின்ற இடத்திலேயே தேர் நிற்கும். ஏன் நகரவில்லை என்று யாரைக் கேட்டாலும் ‘அவ்வளவு கனம்’ என்பார்கள். படித்தவர்கள் அதையே கொஞ்சம் மாற்றி, நிலைமம் என்பார்கள். முதல் பதில் பாதி சரி. இரண்டாவது தவறு. தேரைப் பற்றிய தவறாக மட்டும் இருந்தால் அதை இயற்பியல் ஆசிரியரிடம் விட்டுவிடலாம். ஆனால் இந்த மண்ணில் எது மாறாமல் கிடந்தாலும் நாம் சொல்லும் காரணம் இதேதான்: காலங்காலமாக இப்படித்தான், ஜனங்களின் மனம் அத்தனை லேசில் அசையாது. நிற்பது தன் கனத்தால் நிற்கிறது, யாரும் நிறுத்தி வைக்கவில்லை என்று இதற்குப் பொருள். தேரடியில் இது பொய் என்று காட்ட முடியுமானால், மற்ற இடங்களிலும் இந்தக் காரணத்தை இனி அவ்வளவு எளிதாக ஏற்க வேண்டியதில்லை.

நிலைமம் ஒரு விசை கிடையாது. எதையும் பிடித்து நிறுத்தும் சக்தி அதற்கில்லை. புறவிசை செயல்படாதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டும் ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டும் இருக்கும் என்று 1687இல் வெளிவந்த ‘பிரின்சிப்பியா’வில் நியூட்டன் முதல் விதியாக வைத்தார். நாம் எல்லாரும் பள்ளியில் மனப்பாடம் செய்த விதிதான். அதன் முதல் பாதியை எளிதாக நம்பிவிடுகிறோம். இரண்டாம் பாதி உள்ளே இறங்குவதில்லை. ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மாட்டுவண்டியும் சைக்கிளும் தேரும் தினந்தோறும் மறுத்துக்கொண்டிருக்கின்றன. இயக்கம் தொடர வேண்டுமானால் இடைவிடாமல் எதுவோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கருதியதற்கும் இதுவே காரணம். உராய்வு எங்கும் நிறைந்த உலகில் அவர் தன் கண்ணை நம்பினார். அந்த நம்பிக்கையைக் கலைக்க, கலிலியோ வழவழப்பான சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தடை குறையக் குறைய ஓட்டம் நீள்கிறது, தடையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டுக்கொண்டதில்தான் புதிய இயற்பியல் தொடங்கியது. அதன்படி நிற்றலும் சீரான ஓட்டமும் ஒரே நிலைதான். மதுரைச் சந்திப்பில் நிற்கும் வைகை எக்ஸ்பிரஸின் மீதும், நேர்ப்பாதையில் ஒரே வேகத்தில் ஓடும் வைகை எக்ஸ்பிரஸின் மீதும் நிகர விசை பூஜ்யம். ஓடும் வண்டியில் எஞ்சின் இழுக்கும் இழுப்பு முழுவதும், காற்றும் தண்டவாளமும் அச்சும் பின்னுக்கு இழுப்பதை ஈடுகட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது.

நிலைமம் எவ்வளவு வலியது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழகத் தேர்களில் பெரியது திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை ஏறத்தாழ 300 டன் என்று சொல்வார்கள். அதை உராய்வே இல்லாத ஒரு தரையில் நிறுத்தி, வடத்தின் முனையில் ஒரே ஒரு ஆளை நிறுத்துவோம். முப்பது கிலோ மூட்டையைத் தூக்குகிற அளவு பலத்தோடு, அதாவது சுமார் 300 நியூட்டன் விசையோடு அவர் இழுக்கிறார் என்று கொள்வோம். தேரின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூடும். கண்ணுக்கே தெரியாத தொடக்கம். ஆனால் ஒரு நிமிடம் முடியும்போது தேர் 1.8 மீட்டர் நகர்ந்திருக்கும். பத்து நிமிடத்தில் 180 மீட்டர் கடந்து, நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆழித்தேரைத் தனி ஆளே நகர்த்திவிடலாம். பொறுமை மட்டும் வேண்டும். எவ்வளவு சிறிய விசையானாலும், எதிர்த்து நிற்பது எதுவும் இல்லையென்றால், எவ்வளவு பெரிய பொருளையும் அது நகர்த்தியே தீரும். நிலைமம் செய்வதெல்லாம் காலத்தை நீட்டுவது மட்டுமே. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆள் அதே பலத்தோடு அந்தத் தேரை நிறுத்த முயன்றால் இன்னொரு பத்து நிமிடமும் இன்னொரு 180 மீட்டரும் ஆகும். நிலைமத்துக்குப் பழமை மீதும் பாசமில்லை, புதுமை மீதும் பகையில்லை. தொடங்குவதை எவ்வளவு தாமதப்படுத்துகிறதோ, முடிப்பதையும் அவ்வளவே தாமதப்படுத்துகிறது.

உராய்வில்லாத தரை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அதற்குக் கிட்டத்தட்ட நெருங்கிய ஒன்று தேரடியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், ஏறத்தாழ ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிய தெப்பம், நடுவிலிருக்கும் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். கரையோரம் நடந்தபடி சிலர் வடத்தை இழுக்க, அது அலுங்காமல் பின்னால் வரும். தெப்பமும் கனமானதுதான். மண்டபம், அலங்காரம், விளக்கு, ஆட்கள் எல்லாம் ஏறிய பின் அதற்கும் நிலைமம் உண்டு. ஆனால் அதன் எடை முழுவதையும் நீரின் மிதப்பு விசை ஏந்திக்கொள்கிறது. அதைவிட முக்கியமான செய்தி, நிற்கும் பொருளை நீர் பற்றிக்கொள்வதில்லை. நீரின் தடை ஓட்டத்தோடு பிறந்து, ஓட்டத்தோடு வளர்வது. ஓட்டம் இல்லாதபோது தடையும் இல்லை. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் தெப்பம் கொஞ்சமாவது நகரும். குளம் வறண்டு கிடந்த ஆண்டுகளில் இதே தெப்பத்தை அசைக்க முடியாமல் நிலைத்தெப்பமாகத் திருவிழாவை முடித்தார்கள். அதே தெப்பம், அதே நிலைமம். நீர் போய்த் தரை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தேர் நகராமல் நிற்பதற்குக் குற்றவாளியைத் தேடுகிறவர்கள் நிலைமத்தை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே பார்க்க வேண்டும்.

சக்கரத்துக்குக் கீழேயும் அச்சைச் சுற்றியும் இருப்பது நிலை உராய்வு. எனக்குத் தெரிந்த விசைகளில் இதைவிடத் தந்திரமானது வேறில்லை. அதற்கென்று நிலையான அளவு ஒன்று கிடையாது. பத்துப் பேர் இழுத்தால் பத்துப் பேரின் பலத்துக்கு எதிர்த்து நிற்கும். நூறு பேர் இழுத்தால் நூறு பேருக்கு. யாரும் இழுக்காவிட்டால் எதிர்ப்பும் இல்லை. ஓர் உச்ச அளவு வரை, தன்மேல் வருவதற்குச் சரியாக அவ்வளவே திருப்பிக் கொடுக்கும். அதனால் அந்த எல்லைவரை எவ்வளவு முயன்றாலும் வெளியே தெரியும் பலன் ஒன்றுதான்: அசைவில்லாமை. யாரும் தொடாத தேரும், ஐந்நூறு பேர் உயிரைக் கொடுத்து இழுத்தும் நகராத தேரும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே காட்சி. ஒரு பொருள் நிற்கிறது என்றால், அதன்மேல் செயல்படும் விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்று மட்டுமே சொல்ல முடியும். எதையெதைக் கூட்டியதில் அந்தப் பூஜ்யம் வந்தது என்பதை நிற்றல் சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் தேரைப் பார்த்துப் பயனில்லை. வடத்தைப் பார்க்க வேண்டும். தளர்ந்து தரையில் கிடக்கிறதா, நரம்புபோல் விறைத்து நிற்கிறதா? இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

தேரோட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதும், பின்னாலிருந்து சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்ப வேண்டும் என்பதும் அந்த உச்ச அளவை ஒரு கணத்தில் தாண்டுவதற்கே. ஒருமுறை தாண்டிவிட்டால் அதன்பின் ஓடும் உராய்வு குறைவு. தேர் தானாக வருவதுபோல் வரும். அப்போது வேலை முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு மாறுகிறது. சக்கரங்களுக்கு முன் கட்டையைச் செருகியும் எடுத்தும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. கீழமாசி வீதியிலிருந்து கிளம்பும் தேர் விளக்குத்தூண் அருகே தெற்குமாசி வீதிக்குத் திரும்ப வேண்டும். நியூட்டன் விதிப்படி திசை மாறுவதும் வேகம் மாறுவதற்குச் சமம். அதற்கும் விசை வேண்டும். மூலைகள் ஆபத்தானவையாக இருப்பதற்கு இதுவே காரணம். நேர்வீதியில் உதவிய நிலைமம் மூலையில் எதிரியாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் கதையும் இங்கே பொருந்தும். பெரிய மரச்சக்கரங்களோடு அந்தத் தேர் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆன காலம் உண்டு. இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியபின் அது சில மணி நேரத்தில் நிலை சேர்கிறது. தேரின் எடையைக் குறைத்து இதைச் சாதிக்கவில்லை. கை வைத்தது உராய்வில்.

நிற்பவை எல்லாம் இழுத்து நகர்த்த வேண்டியவை என்று இதற்குப் பொருளில்லை. நின்றாக வேண்டியவையும் உண்டு. அவற்றிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய மகாலில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. அதன் சொர்க்கவிலாசத்தின் வளைவுகளும் குவிமாடமும் உத்தரமோ சட்டமோ இல்லாமல் செங்கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டப்பட்டவை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அமைதியின் உருவமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வளைவும் தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை. இரு பக்கமும் வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை அடுத்த வளைவின் தள்ளல் எதிர்கொள்கிறது. வரிசையின் கடைசியில் இருப்பதைப் பருத்த தூணோ கனத்த சுவரோ தாங்க வேண்டும். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலின் பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பது வரலாறு. இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு பகுதியைப் பெயர்ப்பது அந்தப் பகுதியோடு முடிகிற காரியம் இல்லை. அது எதற்கு ஈடுகொடுத்து நின்றதோ அதன் தள்ளல் இப்போது ஆளில்லாமல் நிற்கும். சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடையில் மகாலைப் பழுதுபார்க்கச் செய்தார். அந்தத் தலையீடு இல்லாமல் இன்றைய மகாலை நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு வளைவு முந்நூறு ஆண்டு நின்றது என்பதை மட்டும் நம்பி யாரும் அதன்கீழ் குடியிருக்கக் கூடாது. விரிசலைப் பார்க்க வேண்டும், தூண் சாய்ந்திருக்கிறதா என்று குண்டுநூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வயதை வைத்து வாதாடும் பழக்கம் மதுரைச் சமவெளிக்கு நீர் தரும் அணையிலேயே வந்து நிற்கிறது. பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, தன் எடையாலேயே நீரைத் தடுத்து நிற்கும் வகையைச் சேர்ந்தது. நீர் அதை முன்னோக்கித் தள்ளுகிறது. அணையின் எடையும் அடிப்பாறையின் பிடிப்பும் அதற்கு ஈடுகொடுக்கின்றன. ‘நூற்றிருபது ஆண்டு தாண்டியும் அசையவில்லை, இனியும் அசையாது’ என்று தமிழ்நாட்டுப் பக்கமும், ‘அவ்வளவு பழசு, விழத்தான் போகிறது’ என்று கேரளப் பக்கமும் பேசுவார்கள். எதிரெதிர் முடிவுகளானாலும் இரண்டும் ஒரே பிழை. அணை வருடத்தால் நிற்பதுமில்லை, வருடத்தால் விழுவதுமில்லை. 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கியபின் நடந்த பலப்படுத்தும் வேலைகளைப் பாருங்கள். உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள்; அணையைத் துளைத்து அடிப்பாறைக்குள் எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள்; பின்புறம் கான்கிரீட் முட்டுக்கொடுத்தார்கள். மூன்றும் கூட்டல் கணக்கின் ஒரு பக்கத்தில் எண்களைச் சேர்க்கும் வேலை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தபோது மறுபக்கம் எவ்வளவு ஏறியது என்பதையும் தோராயமாகச் சொல்லலாம். நீரின் தள்ளல் ஆழத்தின் இருமடிப்படி வளர்வது. அடியிலிருந்து அளந்தால் ஆறு அடி உயர்வுக்குத் தள்ளல் ஏறத்தாழ 9 விழுக்காடும், கவிழ்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 14 விழுக்காடும் கூடும். பேச வேண்டியது இந்த எண்களை வைத்து. மேலூர் உழவரின் நன்மையும் அணைக்குக் கீழே குடியிருக்கும் இடுக்கிக்காரரின் உயிரும் இந்தக் கணக்கின் நேர்மையைத்தான் நம்பியிருக்கின்றன.

கல்லுக்கும் நீருக்கும் பொருந்துவதை மனிதக் கூட்டத்துக்குப் பொருத்துவது சரியா என்ற ஆட்சேபம் இங்கே எழும். நியாயமான ஆட்சேபம். இயற்பியல் சொற்களைச் சமூகத்தின் மேல் ஒட்டிவிட்டு, ஒட்டியதாலேயே விளக்கிவிட்டதாக நினைக்கும் எழுத்து நம்மிடம் ஏராளம். ஆனால் ‘சமூகம் நிலைமத்தால் நிற்கிறது’ என்று சொல்பவர் ஏற்கெனவே அந்தச் சொல்லைக் கடன் வாங்கிவிட்டார். கடன் வாங்கியதைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்வது மட்டுமே என் வேண்டுகோள். மீனாட்சி கோயிலையே எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வருவதை மக்களின் மனம் ஏற்க இன்னும் தலைமுறைகள் ஆகும் என்பது அன்றைய பெரியவர்கள் பலரின் கணிப்பு. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு காலைப்பொழுதின் வேலை. எதிர்ப்பு இருந்தது, வழக்கு வந்தது. அதே ஆண்டில் ராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டம், அப்படி நுழைந்தவர்கள் மீதும் நுழையவிட்ட அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடர முடியாமல் செய்தது. காலங்காலமான மனம் என்று எல்லாரும் எதைச் சொன்னார்களோ, அதற்குள் பெயர் சொல்லக்கூடிய தடைகள் இருந்தன; தண்டனை பற்றிய அச்சம் அவற்றில் ஒன்று. அதை எடுத்ததும் மற்றவை தாக்குப்பிடிக்கவில்லை. மனம் முழுவதும் மாறிவிட்டதாக நான் சொல்லவரவில்லை. மனம் மாறக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் கல்லும் மனிதரும் உண்மையாகவே வேறுபடுகிறார்கள். அதை மறைத்தால் என் வாதம் நேர்மையற்றதாகிவிடும். நிற்கும் வளைவு விசையைச் செலுத்துகிறது, ஆற்றல் எதையும் செலவழிப்பதில்லை. இடப்பெயர்ச்சி இல்லாத இடத்தில் இயற்பியல் கணக்கில் வேலையும் இல்லை. ஆனால் நிறைகுடத்தைக் கையை நீட்டி அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பவரின் தோள் சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கும். குடம் ஓர் அங்குலமும் நகரவில்லை; தசைநார்கள் மட்டும் சுருங்கியும் தளர்ந்தும் ஓயாமல் எரிபொருளைத் தின்றுகொண்டிருக்கின்றன. கல் இலவசமாக நிற்கும், தசை நிற்காது. சமூகத்தில் எதையும் அசையாமல் வைத்திருப்பது தசையின் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டு அங்கே ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஊரின் இறுக்கம், மாறாத மனம், தானாக நிற்கும் ஒன்று. ஆனால் தேர்தல் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் யாரும் மனுப் போடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீறி ஒருவர் ஜெயித்தால் அவர் உடனே பதவி விலகும்படி செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து பேசி, மிரட்டி, காவல் இருந்து அந்த அசைவின்மையை உற்பத்தி செய்தார்கள். 2006 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் முனைந்து நின்றதும் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் இருந்தார்கள். எழுமலை அருகே உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989இல் எழுந்த சுவரும் அப்படித்தான். செங்கல் தன் எடையால் நின்றிருக்கலாம். பத்தொன்பது ஆண்டு அதில் ஒரு வழி திறக்கப்படாமல் இருந்ததற்குச் செங்கல் பொறுப்பாகாது. 2008 மே மாதம் அதன் ஒரு பகுதியை இடித்து வழிவிட ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது வேறொன்று. வேகமாக நகர்த்தினால் தேர் குடைசாயும், மூலையில் கூட்டத்தின் மேல் ஏறும்; முட்டுக்கட்டை இல்லாத தேர் கொலைகாரத் தேர்; ஆகவே மெதுவாக, ஊர் ஒத்துக்கொள்ளும் அளவில் மாற்றம் வந்தால் போதும் என்பார்கள். மேலவளவில் 1997இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதைக் காட்டி இதைச் சொல்கிறவர்கள் உண்டு. முட்டுக்கட்டை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை ஓடும் தேருக்குப் போடப்படுகிறது. போட்டதை அடுத்த நொடியே எடுக்கவும் வேண்டும். போடுகிறவர் தேர் நிலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறவர். தேர் புறப்படவே கூடாது என்று நினைக்கிறவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. மேலவளவு காட்டுவது வேகத்தின் ஆபத்தை அல்ல. ஒதுக்கீடு அறிவித்து வடத்தைக் கையில் கொடுத்த அரசு, இழுக்கிறவர்களுக்குக் காவல் தராமல் விட்டதன் விலை அது. நிறுத்திவைக்கும் விசை எங்கே, யார் கையில், எவ்வளவு என்று அளந்திருந்தால், அதைத் தாங்குவதற்கு எவ்வளவு காவல் தேவை என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இந்த வாதத்தில் உவமையே தேவைப்படாத இடம் ஒன்று இருக்கிறது. தேவகோட்டை அருகே கண்டதேவி, சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். ஆனித் தேரோட்டத்தில் தேரின் வடங்களை, நாடுகள் எனப்படும் நான்கு ஊர்த்தொகுதிகளின் நாட்டார் இழுப்பது வழக்கம். தங்களுக்கும் வடம் பிடிக்கும் உரிமை வேண்டும் என்று தலித்துகள் 1990களின் பிற்பகுதியில் கேட்டதிலிருந்து அந்தத் தேரின் ஓட்டமும் நிறுத்தமும் நீதிமன்றத்துக்குப் போயின. சில ஆண்டு தேர் ஓடவில்லை. சில ஆண்டு பெரும் காவலோடு ஓடியது. பிறகு குடமுழுக்கு வேலை, தேர்ப் பழுது என்று காரணங்கள் சொல்லப்பட்டு, 17 ஆண்டு நின்றுபோனது. அந்த 17 ஆண்டும் தேரின் மேல் செயல்பட்டவை இரண்டே விசைகள்: புவி அதைக் கீழே இழுத்தது, தரை அதை மேலே தாங்கியது. இழுப்பதற்கு ஆளில்லாமல் அது நிற்கவில்லை. இழுக்க விரும்பிய கைகளும் இழுக்கவிடாத கைகளும் வடத்துக்கு வெளியே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் வடம் தரையில் தளர்ந்து கிடந்தது. திருவிழாக்கள் அமைதியாக நடப்பதாக நிர்வாகம் சொல்லிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடாமல் கேட்டபின், 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டமும் ஜூன் மாதம் ஆனித் தேரோட்டமும் பெரும் காவலோடு நடந்தன. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது. இதை வெற்றி என்று எழுதியவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஓடியதை வைத்தும் உள்ளே நடப்பதைக் கணிக்க முடியாது, நின்றதை வைத்துக் கணிக்க முடியாததைப் போலவே. முல்லைப் பெரியாறு அணையில் கசிவுநீரை அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். கண்டதேவியிலும் ஒவ்வோர் ஆனிக்கும் எத்தனை காவலர் நிறுத்தப்பட்டார்கள், நான்கு வடங்களிலும் எந்தெந்தத் தெருக்காரர்கள் கைவைத்தார்கள், எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்பதைச் சிவகங்கை மாவட்ட நிர்வாகம் பதிவுசெய்து வெளியிட வேண்டும். காவலர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா என்பதை அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.